ஐந்து மாதத்தில் மூன்று பின் டயர் கிழிந்துவிட்டது: பாறைப் பாதைக்கு எந்த டியூப்லெஸ் உழைக்கும்?

கரடுபாதை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நான் ஓட்டுவது மவுன்டன் பைக், மலைப்பாதைக்கான மிதிவண்டி. ஐந்து மாதத்தில் மூன்று பின் டயர் போய்விட்டது. மூன்றும் டியூப்லெஸ், உள்ளே டியூப் இல்லாதவை. முன் டயர் மட்டும் போட்ட நாளிலிருந்து அப்படியே இருக்கிறது.

விவரம் சொல்லிவிடுகிறேன். 29 இன்ச் சக்கரம், பின்னால் 140 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர். என் எடை 84 கிலோ, தண்ணீர்ப் பையும் சாமானும் சேர்ந்தால் 88. ஓட்டுகிற பாதை முழுக்க உடைந்த பாறை, நடுநடுவே காய்ந்த கெட்டி மண், வேர். ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர், ஏற்றமும் மிதித்துத்தான் ஏற வேண்டும். போட்டிருந்தது 2.35 இன்ச் அகலத்தில் லேசான ஒற்றை அடுக்கு டயர். பின்னால் காற்றழுத்தம் 22, 23 பிஎஸ்ஐ வைப்பேன்.

கடைசி டயர் போன ஞாயிற்றுக்கிழமை போனது. இறக்கத்தில் ஒரு கல் தட்டி ‘டங்’ என்று சத்தம், அடுத்த நொடியே கெண்டைக்காலில் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றுகிற திரவம்) பீச்சியடித்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன், அடைக்கவில்லை. ஓட்டையில் செருகுகிற பிளக் வைத்தேன், நிற்கவில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன்.

எந்த டயர் வாங்கினால் இந்தத் தொல்லை தீரும்? பிடிமானம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, உழைத்தால் போதும்.

இரட்டையடுக்கு எழுதியது:

இதற்கு யோசிக்கவே வேண்டாம். இரண்டு அடுக்கு கேஸிங் (ரப்பருக்கு அடியில் இருக்கிற நூல் துணி) உள்ள டயரைப் போடுங்கள். மேக்ஸிஸில் டபுள்டவுன், ஷ்வால்பேயில் சூப்பர் கிராவிட்டி, கான்டினென்டலில் என்டியூரோ. இந்த வகையில் ஏதாவது ஒன்று. நானும் உங்கள் எடைதான், கல் பாதைதான். மாறிய பிறகு இரண்டு வருடமாக ஒரு டயரைக்கூடக் கிழித்ததில்லை. தேய்ந்து மொட்டையான பிறகுதான் கழற்றுகிறேன்.

பஞ்சர்பெட்டி எழுதியது:

கரடுபாதை தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கிழிந்த மூன்று டயரும் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டை எந்த இடத்தில் என்று பார்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் எந்த டயரைச் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

பல வருடமாக டயர் கழற்றி மாட்டுகிற கை இது. என்னிடம் வருகிற டயர்கள் மூன்று விதமாகத்தான் சாகின்றன. ஒன்று, தரையில் படுகிற பகுதியில் குத்து. முள், ஆணி, கூரான கல். அதைச் சீலன்ட்டோ பிளக்கோ பார்த்துக்கொள்ளும். இரண்டு, பக்கச்சுவரில் கீறல். கத்தியால் இழுத்தது போலச் சாய்வாக நீளமாக இருக்கும். பாறையின் விளிம்பு உரசிக்கொண்டு போனதன் அடையாளம் அது. மூன்றாவதுதான் பலர் கண்ணில் படாமல் போவது. பீட், அதாவது ரிம்மில் உட்காருகிற விளிம்புக்குச் சற்று மேலே ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதே கோட்டில் இன்னும் மேலே, பட்டன் (தரையைப் பிடிக்கிற ரப்பர்க் கட்டை) தொடங்குகிற தோள் பக்கத்தில் இன்னொரு வெட்டு இருக்கும். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் மடிந்து நசுங்கினால் இப்படி வரும். டியூப் போட்ட காலத்தில் பாம்புக்கடி என்றோமே, அதேதான். டியூப் இல்லையென்றால் அந்தக் கடி டயரின் மேலேயே விழுகிறது.

காய்ந்த சீலன்ட்டை உரித்துவிட்டு டயரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, இருட்டில் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடியுங்கள். எல்லாம் தெரியும். ரிம்மின் விளிம்பையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.

கரடுபாதை எழுதியது:

இருக்கிறது அண்ணா, ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. நேற்று ராத்திரி நீங்கள் சொன்ன மாதிரியே உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் டயர். பீட்டுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளி 4 மில்லிமீட்டர் வெட்டு. வெளியே கோடு மாதிரிதான் தெரிந்தது, டார்ச் வைத்ததும் வெளிச்சம் வந்துவிட்டது. அதற்கு நேர் மேலே தோளில் இன்னொன்று, அதைவிடச் சின்னது. நான் பிளக் வைத்ததெல்லாம் அந்த மேல் ஓட்டையில்தான். கீழே இருந்ததைப் பார்க்கவே இல்லை!

இரண்டாவதும் அச்சு அசல் அதேதான், இரண்டு வெட்டு. மூன்றாவது வேறு. பக்கச்சுவரில் 15 மில்லிமீட்டருக்குச் சாய்ந்த கீறல், நூல் இழைகள் பிய்ந்து தொங்குகின்றன.

ரிம்மையும் தடவினேன். பின் ரிம்மில் மூன்று இடத்தில் விளிம்பு உள்ளே வளைந்திருக்கிறது. ஓர் இடம் நன்றாகவே கைக்குத் தட்டுப்படுகிறது. இத்தனை நாள் இது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன்.

பஞ்சர்பெட்டி எழுதியது:

சரி, இப்போது பேசலாம். மூன்றில் இரண்டு நசுங்கிச் செத்தவை, ஒன்று கீறலில். நசுங்கலில் பாதிப் பழி காற்றழுத்தத்துக்கு. 88 கிலோவுக்கு, ஒற்றை அடுக்கு டயருக்கு, கல் பாதையில், பின்னால் 22 குறைவு. 26, 27-இலாவது தொடங்கியிருக்க வேண்டும்.

அந்த 22-ஐ எதில் அளந்தீர்கள்? தரையில் வைத்து அடிக்கிற பம்பில் என்றால் அதை நம்ப வேண்டாம். அந்த முகப்பில் 0 முதல் 160 வரை குறித்திருப்பார்கள். அதில் 20-க்கும் 26-க்கும் நடுவில் ஊசி நகர்வது ஒரு நகக்கண் தூரம். நீங்கள் 22 என்று நினைத்தது 19 ஆகவும் இருக்கலாம். குறைந்த அழுத்தத்துக்கென்றே வருகிற டிஜிட்டல் கேஜ் ஒன்று வாங்குங்கள். டயருக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான். நான் சொல்கிற எண்ணும் மற்றவர்கள் சொல்கிற எண்ணும் உங்கள் கேஜில் வேறாக வரலாம், அதனால் எப்போதும் ஒரே கேஜில் பாருங்கள்.

இன்னொன்று. காலையில் குளிர்ச்சியில் அளந்து வைத்தது வெயிலில் கூடும். 20 டிகிரியில் 25 வைத்தால் 40 டிகிரியில் இரண்டரை பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் அளந்து குறைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் கல்லில் இறக்கி ரிம்மை நெளித்தவர்கள் உண்டு.

நூலெண்ணி எழுதியது:

கேஸிங் பற்றி ஒரு தெளிவு தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். டயர் விவரத்தில் டிபிஐ என்று ஓர் எண் போடுவார்கள், ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்ற கணக்கு. எண் கூடினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை வேறு. ஓர் அங்குலத்தில் 120 நூலை அடக்க வேண்டுமென்றால் நூல் மெல்லியதாக இருக்க வேண்டும். அதனால் டயர் லேசாகும், வளைந்து கொடுக்கும், கல்லின் மேல் படிந்து ஓடும். 60 என்றால் நூல் தடிமன், நடுவில் ரப்பரும் அதிகம், வெட்டுப்படுவது கடினம். அப்புறம் கான்டினென்டல் மாதிரி சில கம்பெனிகள் அடியில் மடிந்து வருகிற மூன்று அடுக்கையும் கூட்டி 330 என்று போட்டது உண்டு. ஓர் அடுக்குக்கு 110தான். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

பார்க்க வேண்டியது எத்தனை அடுக்கு, பீட்டுக்கு மேலே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான். மேக்ஸிஸை எடுத்துக்கொண்டால், எக்ஸோ என்பது ஒற்றை அடுக்கு, பக்கச்சுவரில் மட்டும் கீறலைத் தாங்க ஒரு காப்பு. எக்ஸோ பிளஸ் அதைவிட ஒரு படி தடிமன். டபுள்டவுனில் 120 டிபிஐ துணி இரண்டு அடுக்கு, டிஹெச்சில், அதாவது டவுன்ஹில் டயரில், 60 டிபிஐ துணி இரண்டு அடுக்கு. இந்த இரண்டிலும் பீட்டுக்கு மேலே பியூட்டைல் ரப்பரில் ஓர் ஆப்பு வைத்திருக்கிறார்கள். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் முதலில் நசுங்குவது அந்த ஆப்புதான். உங்கள் முதல் இரண்டு டயர் வெட்டுப்பட்ட இடம் எதுவோ, அதே இடம்.

ஷ்வால்பேயில் இலேசிலிருந்து கனத்துக்குப் போகிற வரிசை சூப்பர் ரேஸ், சூப்பர் கிரவுண்ட், சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி, சூப்பர் டவுன்ஹில். கான்டினென்டலில் டிரெயில், என்டியூரோ, டவுன்ஹில்.

எடையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 29 இன்ச்சில் 2.4 அளவு என்றால் ஒற்றை அடுக்கு பெரும்பாலும் 900, 1,000 கிராம். டபுள்டவுன் மாதிரி இரட்டை அடுக்கு 1,200-ஐ ஒட்டி. டவுன்ஹில் 1,300-ஐத் தாண்டும். ஒரே அளவு, ஒரே பட்டன் உள்ள டயர் 200 கிராம் கூடுதலாக இருந்தால் அந்த 200 கிராமும் எங்கோ ரப்பராகவோ நூலாகவோ உள்ளே இருக்கிறது.

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். 1999-இல் மாவிக், மிஷ்லின், ஹட்சின்சன் மூவரும் சேர்ந்து யுஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த டயரில் உள்ளே காற்றுப் புகாத ரப்பர் பூச்சு இருக்கும், சீலன்ட் இல்லாமலே காற்று நிற்கும், கனமும் அதிகம். பிறகு சீலன்ட் பழக்கத்துக்கு வந்ததும் அந்தப் பூச்சைக் குறைத்துக் காற்றடைக்கும் வேலையைத் திரவத்திடம் விட்டுவிட்டார்கள். இன்று டியூப்லெஸ் ரெடி என்று வருவது இதுதான். டியூப்லெஸ் என்றாலே தடித்த டயர் என்று நம்பி வாங்கி ஏமாறுவது இதனால்தான். அந்தச் சொல்லுக்கும் பலத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

இளங்காற்று எழுதியது:

எல்லோரும் இரட்டை அடுக்கு என்கிறீர்கள். இந்த உரையாடலைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் எடை 56 கிலோ. யாரோ சொன்னார்கள் என்று நானும் முன்னும் பின்னும் இரண்டு அடுக்கு டயர் போட்டேன். ஒரு பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். 20 பிஎஸ்ஐக்கு இறக்கினாலும் பக்கச்சுவர் வளையவே இல்லை, ஒவ்வொரு கல்லிலும் வண்டி துள்ளியது. நனைந்த வேரில் முன் சக்கரம் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன். என் எடைக்கு அந்த டயர் மரக்கட்டைதான்.

இப்போது பின்னால் எக்ஸோ பிளஸ் மாதிரி நடுத்தரம், 21 பிஎஸ்ஐ. முன்னால் ஒற்றை அடுக்கு, 18. ஒன்றரை வருடம் ஓடிவிட்டது, ஒரு கீறல்கூட இல்லை. உழைக்கும் டயர் எது என்பது யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. எடையைச் சொல்லாமல் டயரைப் பரிந்துரைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரட்டையடுக்கு எழுதியது:

நீங்கள் சொல்வது நியாயம் தோழி. என் எடையையும் கரடுபாதை எடையையும் மனதில் வைத்துத்தான் எழுதினேன், அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு திருத்தமும் செய்துகொள்கிறேன். கரடுபாதைக்குக்கூட முன்னால் இரட்டை அடுக்கு தேவையில்லை. அவருடைய முன் டயர் எதுவும் ஆகாமல் இருக்கிறதே. முன் சக்கரத்தைக் கண்ணால் பார்த்து ஓட்டுகிறோம், கல் வந்தால் கையை இழுத்துத் தூக்குகிறோம். பின் சக்கரம் நம் எடையைச் சுமந்துகொண்டு நேராகப் போய் மோதுகிறது. இரண்டுக்கும் ஒரே டயர் வாங்குவது வீண். நானே முன்னால் நடுத்தர கேஸிங்தான் வைத்திருக்கிறேன்.

மண்ணோடு எழுதியது:

கேஸிங்கோடு நின்றுவிட்டீர்கள். கிழியாமல் இருப்பது ஒன்று, தேயாமல் இருப்பது வேறு. உழைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அதனால் ரப்பரையும் பார்க்க வேண்டும்.

மென்மையான ரப்பர் கல்லில் ஒட்டும், சீக்கிரம் கரையும். கெட்டி ரப்பர் நாள்படும், நனைந்த பாறையில் வழுக்கும். மேக்ஸிஸில் மேக்ஸ்கிரிப் மிக மென்மை, மேக்ஸ்டெர்ரா நடு, டூயல் கெட்டி. ஷ்வால்பேயில் பக்கத்தில் ஓடுகிற கோட்டின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும், ஊதா மிக மென்மை, ஆரஞ்சு அடுத்தது, நீலம் அதைவிடக் கெட்டி. கான்டினென்டலில் சூப்பர்சாஃப்ட், சாஃப்ட், எண்டியூரன்ஸ்.

முன்னால் மென்மை, பின்னால் ஒரு படி கெட்டி. இது என் உறுதியான கருத்து. பின் சக்கரம் மிதிக்கும்போதும் இழுபடுகிறது, பிரேக் பிடித்தாலும் இழுபடுகிறது. மென்மையான ரப்பரில் பட்டன்கள் தேய்வதற்கு முன்பே அடியில் பிளந்துவிடும். ஒரு பட்டனைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், அடியில் முடி மாதிரி ஒரு கோடு திறக்கும். அது தெரிந்தால் இன்னும் சில வாரத்தில் பட்டன் கையோடு வரும். பட்டன் போன இடத்தில் கல் நேராகத் துணியில் படுகிறது.

பட்டன் அமைப்பிலும் பின்னால் பிரேக்கைத் தாங்குகிற மாதிரி நடு வரிசை அகலமாக, முன்பக்கம் சரிவு கொடுத்து வெட்டியது நல்லது. மேக்ஸிஸின் மினியன் டிஹெச்ஆர் 2 அப்படிப்பட்டது. கான்டினென்டல் கிரிப்டோட்டலில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகவே வருகிறது. மாற்றி வாங்கிவிடாதீர்கள், பெயரோடு எஃப்ஆர், ஆர்இ என்று இருக்கும்.

அப்புறம் ஒரு பழக்கம். புது டயர் எப்போதும் முன்னால்தான். பின்னால் தேய்ந்ததும் முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் போடுவார்கள் பலர். உங்களுக்கு முன்னும் பின்னும் வேறு கேஸிங் தேவைப்படுவதால் இது ஒத்துவராது. நடுத்தர கேஸிங்கைப் பின்னால் கொண்டுபோனால் பழைய கதைதான்.

நுரைவளையம் எழுதியது:

இருக்கிற டயரையே வைத்துக்கொண்டு உள்ளே இன்சர்ட், அதாவது ரிம்மைச் சுற்றி ஒரு நுரை வளையம், போடலாமே? நான் மூன்று வருடமாக நுரை இன்சர்ட்டோடு ஓட்டுகிறேன். ரிம் நெளிவதே இல்லை. 2, 3 பிஎஸ்ஐ குறைத்தும் ஓட்டலாம்.

பஞ்சர்பெட்டி எழுதியது:

இன்சர்ட் நல்ல பொருள்தான், எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கனமான நுரை வகை ஒரு சக்கரத்துக்கு 250 கிராமை எட்டும். லேசான டயர் 900, அதோடு 250. இரட்டை அடுக்கு டயரின் எடை வந்துவிட்டது, பக்கச்சுவரோ அதே மெல்லிய சுவர். நசுங்கலுக்கு இன்சர்ட் மருந்து. கீறலுக்கு அது ஒன்றும் செய்யாது, தம்பியின் மூன்றாவது டயர் கீறலில் போனது. முதலில் கேஸிங், அதற்குப் பிறகும் ரிம் அடிபட்டால் இன்சர்ட். இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

மலையில் நின்று இறுக்கமான இன்சர்ட்டைக் கழற்றி டியூப் போட்டுப் பாருங்கள் ஒருமுறை. கட்டைவிரல் இரண்டு நாளைக்கு வலிக்கும். சீலன்ட் வழிகிற அந்த நுரை வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வீடு வர வேண்டும்.

கரடுபாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். 2.6 போட்டால் காற்று அதிகம் இருக்குமே, அது தாங்காதா? அந்த 15 மில்லிமீட்டர் கீறல் டயரில் பட்டன் இன்னும் புதிதாக இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. தைக்கலாம் என்கிறார்களே?

நூலெண்ணி எழுதியது:

2.6 பற்றி மட்டும் சொல்கிறேன். காற்றின் கொள்ளளவு கூடும், உண்மை. ஆனால் எடையை அடக்க 2.6-ஐப் பெரும்பாலும் மெல்லிய கேஸிங்கில்தான் செய்கிறார்கள். அகலம் கூடக்கூடப் பக்கச்சுவர் ரிம்மைவிட வெளியே துருத்தி நிற்கும், பாறை விளிம்பு உரசுவதற்கு வாகாக. உங்கள் 30 மில்லிமீட்டர் ரிம்முக்கு 2.4 அளவாக உட்காரும். பக்கச்சுவரில் 61-622 என்று போட்டிருக்கும், 61 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில், 622 என்பது 29 இன்ச் ரிம்மில் பீட் உட்காருகிற இடத்தின் விட்டம். இதே 30-இல் 2.4 போட்டால் பக்கத்துப் பட்டன்கள் சுவருக்கு வெளியே நின்று, முதல் உரசலை அவையே வாங்கிக்கொள்ளும்.

பஞ்சர்பெட்டி எழுதியது:

தைப்பது பற்றி. தைக்கலாம், நான் தைத்திருக்கிறேன். முறையாகச் செய்தால் ஓடும். ஆனால் பின் சக்கரத்தில் போடாதீர்கள்.

முதலில் உள்பக்கம் கீறலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குச் சீலன்ட்டை முழுக்க எடுக்க வேண்டும். விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுங்கள், சவ்வு மாதிரி வரும். ஒரு துளி இருந்தாலும் பேட்ச் ஒட்டாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் மங்கலாகச் சொரசொரப்பானதும் நிறுத்துங்கள். மெழுகு போட்ட தடித்த நைலான் நூல், வளைந்த ஊசி. கீறலின் விளிம்பிலேயே குத்தினால் நூல் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், 4 மில்லிமீட்டர் தள்ளிக் குத்துங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி மாதிரி தைத்துக்கொண்டே போங்கள். இரண்டு விளிம்பும் தொட்டுக்கொண்டு நிற்கும் அளவுக்கு இழுத்தால் போதும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் அந்த இடத்தில் டயர் நெளிந்து சுற்றும். முடிச்சு வெளிப்பக்கம். கடைசியாக உள்ளே வல்கனைசிங் பசை தடவி, கை பட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு, பெரிய பேட்ச். ஒரு ராத்திரி கனம் வைத்து அழுத்தி விடுங்கள்.

பக்கச்சுவரில் பிளக் ஏன் நிற்பதில்லை என்றால், அங்கே ஒவ்வொரு சுற்றிலும் சுவர் வளைந்து நிமிர்கிறது, வெட்டுப்பட்ட நூல் இழைகளால் ஓட்டையை இறுக்கிப் பிடிக்க முடியாது. பிளக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வந்துவிடும். தரையில் படுகிற பகுதியில் வைத்த பிளக் டயர் மொட்டையாகும்வரைகூட நிற்கும்.

மலைக்குப் போகும்போது பையில் ஒரு டியூப், பழைய மெல்லிய டயரில் வெட்டிய உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று. கீறல் விழுந்தால் துண்டை உள்ளே வைத்து டியூப் போட்டு வந்துவிடலாம். டியூப் போடுவதற்கு முன் டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவுங்கள். டியூப்லெஸ்ஸில் ஓடும்போது உள்ளே பத்து முள் குத்தி நிற்கும், சீலன்ட் அடைத்து வைத்திருக்கும், நமக்குத் தெரியாது. டியூப் போட்டதும் பத்தும் வேலையைக் காட்டும்.

கரடுபாதை எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். பின்னால் டிஹெச்ஆர் 2, 2.4, டபுள்டவுன், மேக்ஸ்டெர்ரா. முன்னால் இருப்பது இருக்கட்டும். டிஜிட்டல் கேஜும் வாங்கிவிட்டேன். பழைய பம்பில் 22 என்று காட்டிய டயரைக் கேஜில் வைத்தேன், 18.5. பஞ்சர்பெட்டி அண்ணா, நீங்கள் சொன்னதைவிட மோசம்.

இளங்காற்று எழுதியது:

மாட்டும்போது ரிம் டேப்பையும் (ஸ்போக் துளைகளை மூடி ஒட்டுகிற நாடா) பாருங்கள் கரடுபாதை. மூன்று இடத்தில் நெளிந்திருக்கிறது என்றீர்களே, அங்கே டேப்பின் ஓரம் தூக்கியிருக்க வாய்ப்பு அதிகம். எனக்கு ஒரு முறை புது டயர் தினமும் 5 பிஎஸ்ஐ இறங்கிக்கொண்டே இருந்தது, டயர்தான் மோசம் என்று நினைத்துவிட்டேன். பார்த்தால் டேப்புக்கு அடியில் சீலன்ட் போய் ஸ்போக் துளை வழியாக வெளியேறியிருக்கிறது.

கரடுபாதை எழுதியது (ஏழு வாரம் கழித்து):

சொன்னபடி வந்து எழுதுகிறேன்.

டயரைத் தராசில் வைத்தேன், 1,200-ஐ ஒட்டித்தான் இருந்தது. பழையது 870. நெளிவை நிமிர்த்தி டேப்பை மாற்றினேன். இளங்காற்று சொன்னது சரி, ஓர் இடத்தில் தூக்கியிருந்தது. 110 மில்லி சீலன்ட். பின்னால் 27-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் ஒன்று குறைத்து 25-இல் நிற்கிறேன். 24-இல் ஒரு முறை ரிம் தட்டியது, உடனே ஏற்றிவிட்டேன்.

ஏழு வாரத்தில் பதினெட்டு முறை போயிருக்கிறேன். ஒரு முள் குத்து, சீலன்ட் அடைத்துவிட்டது, வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் ஈரப் புள்ளியைப் பார்த்தேன். மூன்றாவது டயர் போன அதே இறக்கத்தில், போன வாரம் பாறை விளிம்பில் பின் சக்கரம் நன்றாகவே உரசியது. நெஞ்சு திக்கென்றது. நிறுத்தி, இறங்கி, விரலால் தடவிப் பார்த்தேன். மேல் ரப்பர் ஒரு சுண்டுவிரல் நீளத்துக்கு உரிந்து, கீழே துணியின் நெசவு தெரிகிறது. துணி முழுசாக இருக்கிறது. அந்தக் கல்லின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு நிம்மதி.

குறை ஒன்று இருக்கிறது. நான் வழக்கமாக 40 நிமிடத்தில் ஏறுகிற ஏற்றம் இப்போது ஒன்றரை நிமிடம் கூடுதலாகிறது. 330 கிராமுக்கு இவ்வளவா?

நூலெண்ணி எழுதியது:

எடையால் மட்டும் அவ்வளவு வராது. நீங்களும் வண்டியும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இருப்பீர்கள், அதில் 330 கிராம் ஆயிரத்தில் மூன்று பங்கு. 40 நிமிடத்துக்கு ஏழெட்டு விநாடிதான் கூட வேண்டும். மீதி தடித்த சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதில் போகிற சக்தி, அதோடு ரப்பரும் பட்டனும். பட்டன் புதிது என்பதால் இப்போது கூடுதலாகத் தெரியும், கொஞ்சம் தேய்ந்ததும் குறையும். பழைய லேசான டயரோடு ஒப்பிட்டால் மீதி இருந்துகொண்டுதான் இருக்கும்.

கரடுபாதை எழுதியது:

புரிந்தது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்ததற்கு இந்த ஒன்றரை நிமிடம் எனக்குச் சம்மதம். கீறல் டயரையும் தைத்துவிட்டேன். பெருக்கல் குறித் தையல், மூன்று முறை பிரித்துத் தைத்தேன், இரண்டு முறை விளிம்பு ஏறிக்கொண்டது. தங்கையின் வண்டியில் முன்னால் ஓடுகிறது, அவள் 50 கிலோ, மண் பாதையில்தான் போவாள். ஒரு மாதமாகக் காற்று நிற்கிறது.

பஞ்சர்பெட்டி எழுதியது:

தையலைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, பார்க்க ஆசையாக இருக்கிறது. அப்புறம் பின் டயரின் சீலன்ட்டை மூன்றாவது மாதம் திறந்து பாருங்கள். வெயில் காலம் என்றால் இரண்டிலேயே. வால்வு உள்ளாணியைக் கழற்றி, மெல்லிய குச்சி ஒன்றை உள்ளே விட்டால் போதும், நுனி நனைந்து வந்தால் இருக்கிறது, காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். வேறு கம்பெனி சீலன்ட்டை அதன் மேலேயே ஊற்ற வேண்டாம், சிலது ஒன்றோடொன்று சேர்ந்தால் திரிந்துவிடும்.